பதினேழாம் இலக்கப் பெனியன்

அந்தக் கண்ணாடிப் போத்தலை மூடிய பிறகும் அக்கா அதைக் கீழே வைக்கவில்லை. மடியில் வைத்து, உள்ளே இருப்பது வெளியே வந்துவிடுமோ என்பதுபோல இரண்டு கைகளாலும் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். போத்தலில் ஒட்டியிருந்த சிறு தாளில் என் கையெழுத்தில் பதினேழு என்று இருந்தது, பக்கத்தில் 'வலது'. அவருக்கு முன்னால் மோந்து பார்த்த மூன்று பேரும் முகத்தைச் சுளித்து ஆளுக்கொரு ஐந்து போட்டுவிட்டு அடுத்த போத்தலுக்குப் போயிருந்தார்கள். எங்கள் கணக்கில் பூச்சியம் என்றால் வாசமே இல்லை, ஐந்து என்றால் தாங்க முடியாத நாற்றம். அக்கா எண் எதையும் சொல்லவில்லை. முகத்தையும் சுளிக்கவில்லை. ஜன்னல்கள் அடைத்த அந்தச் சின்ன அறையில், மழை தகரத்தில் இறங்கும் சத்தத்தின் நடுவே, தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, இது வேர்வை நாத்தம் இல்ல."

பண்டாரவளையிலிருந்து பதுளை போகும் வழியில் இருந்த ஒரு தையல் தொழிற்சாலையில், கார்மெண்ட் என்று நாங்கள் எல்லோரும் சொல்கிற இடத்தில், அப்போது நான் பரிசோதனைக்கூட உதவியாளர். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்து வரிசை வீட்டிலிருந்து விஞ்ஞானம் படித்து வெளியே வந்தவள் என்பதால், வெள்ளைக் கோட்டுப் போட்டு உட்கார ஒரு மேசை கிடைத்ததே எனக்குப் பெரிய விஷயம். அந்த வருடம் எங்களுக்கு வந்த பெரிய வேலை, நாறாத துணி. வேர்வைக்கு என்று தனியாக நாற்றம் கிடையாது. தோலில் இருக்கிற கிருமிகள் வேர்வையைத் தின்று கழிப்பதுதான் நாறுகிறது. துணியை வெள்ளி கலந்த ஒரு திரவத்தில் நனைத்துச் சூட்டில் காய வைத்தால், அதில் அந்தக் கிருமிகள் பெருகாது. பிறகு எத்தனை நாள் வேர்த்தாலும் சட்டை புதிதுபோலவே இருக்கும். வெளிநாட்டில் ஓடுகிறவர்களும் மலையேறுகிறவர்களும் இதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று எங்கள் பெரிய அதிகாரி சொன்னார். சேர் என்றுதான் நாங்கள் அவரைக் கூப்பிடுவோம். நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவரைத் தேடினால் அவர் கிடைக்கமாட்டார்.

துணி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை வைத்தோம். வேர்த்து வேலை செய்கிற முப்பது ஆண்களைத் தெரிந்தெடுத்து ஆளுக்கு ஒரு இலக்கம் கொடுத்தோம். அவர்களுக்கென்று தைத்த பெனியனில் ஒரு அக்குள் பக்கம் திரவம் ஏற்றிய துணி, மறுபக்கம் வெறும் பருத்தி. யாருக்கு எந்தப் பக்கம் எது என்பது அணிகிறவருக்கும் தெரியாது, மோந்து பார்க்கிறவருக்கும் தெரியாது. அது என் பட்டியலில் மட்டும் இருந்தது. காலையில் பெனியனைக் கொடுப்பேன். மாலையில் வாங்கி, இரண்டு அக்குள் பக்கத்திலும் வட்டமாக ஒரு துண்டு வெட்டித் தனித்தனிப் போத்தலில் அடைப்பேன். மறுநாள் அந்த நான்கு பேரும் வந்து மோந்து பார்ப்பார்கள். நாற்றத்தை அளக்க மெஷின் இருக்கிறது, ஆனால் துணியை வாங்குகிறவர்கள், வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள், மெஷினை நம்புவதில்லை. மனுஷ மூக்குத்தான் வேண்டும் என்றார்கள்.

அக்கா என்று எல்லோரும் கூப்பிடும் அவர் தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அந்தோனியார் படம் போட்ட ஒரு பதக்கம் எப்போதும் கழுத்தில் இருக்கும். பன்னிரண்டு வருடமாகச் சட்டைக் கை தைக்கும் வரிசையில் மெஷினில் இருந்தவர். ஒருமுறை மோட்டார் ஒன்று எரிவதைப் புகை வருவதற்கு முன்பே சொல்லிவிட்டார் என்று ஒரு பேச்சு இருந்தது. மூக்குக்காரர்களைத் தெரிந்தெடுக்க நாங்கள் சிறு போத்தல்களில் வினாகிரியும் கராம்பும் வேறு சிலவும் தண்ணீரில் கரைத்து, வரவர மெலிதாக்கிக் கொடுத்தோம். மற்றவர்கள் நான்காவது ஐந்தாவது போத்தலில் கைவிட்டபோது அவர் கடைசிப் போத்தல்வரை வந்தார். கடைசியில் வெறும் தண்ணீர் இருந்த போத்தலை எடுத்து, "இதுல ஒன்னுமில்ல, ஆனா இந்தப் போத்தல முந்தி சவுக்காரம் போட்டுக் கழுவியிருக்கீங்க" என்றார். சோதனை நாட்களில் எண்ணெய், பூ, பவுடர், வெங்காயம், வெற்றிலை எதுவும் கூடாது என்பது விதி. மற்ற மூன்று பேரும் அதற்காக முணுமுணுப்பார்கள். அக்கா வறண்ட தலையோடு, பச்சைத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு வந்த பிள்ளைபோல வந்து உட்காருவார். மெஷின் வரிசையில் அவர் ஒரு இலக்கம் மட்டும்தான். இங்கே அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது.

அன்று பதினேழாம் போத்தலைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான். அவருடைய அப்பா கடைசி நாட்களில் லயத்தில் படுத்திருந்தபோது, அவர் சட்டையை எத்தனை தடவை துவைத்தாலும் ஒரு வீச்சம் போகாதாம். மூத்திரம் மாதிரி, ஆனால் மூத்திரம் இல்லை. கண்ணில் ஏறுகிற மாதிரி ஒன்று. உடம்பைக் கழுவாததால்தான் அப்படி என்று வீட்டில் அவரையே திட்டியிருக்கிறார்கள். கிட்னி இரண்டும் போய்விட்டது என்று தெரிந்தபோது ஆஸ்பத்திரியில் வேறு எதுவும் செய்வதற்கு இருக்கவில்லை. "அதே வீச்சம்," என்றார் அக்கா. "இது யாரு சட்டைன்னு எனக்குத் தெரியாது. ஆனா இந்த ஆளுக்கு உள்ளுக்குள்ள அழுகுது. இவரு வூட்டுல யாருக்காச்சும் சொல்லணும்."

பதினேழு யார் என்று எனக்குத் தெரியும். பட்டியலை எழுதியவளே நான்தான். அவர் இஸ்திரி போடும் பிரிவில் நின்றவர். அயன் அண்ணன் என்று கூப்பிடுவோம். நீராவிக்குள் நாள் முழுக்க நிற்பதால்தான் அவரைச் சோதனைக்கு எடுத்தோம். எங்கள் ஹல்துமுல்லைப் பக்கத்து பஸ்ஸில்தான் அவரும் வருவார். வழியில் ஒரு சந்தியில் அவர் மனைவி கொழுந்துக் கூடையோடு நின்று, பஸ்ஸுக்குள் பார்த்துச் சிரிப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அக்காவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. குறிப்பு எழுதும் கட்டத்தில் 'அமோனியா வாசம்' என்று மட்டும் எழுதிக்கொண்டு சேரிடம் போனேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு சிங்களத்தில், கோபமில்லாமல் சொன்னார்: மூக்கு டாக்டர் இல்லை. இந்தச் சோதனையில் பெயர் வெளியே வந்தால் சோதனையே செல்லாது. நடுவில் ஒருவர் விலகினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், வாங்குகிறவர்களோ அடுத்த மாதம் வந்து நிற்பார்கள். முடிந்ததும் முப்பது பேரையும் ஒரு மெடிக்கல் பரிசோதனைக்கு அனுப்பலாம், யாருக்கும் எதுவும் தெரியாது, மரியாதையாகவும் இருக்கும். எனக்கு அது நியாயமாகப்பட்டது. இன்றைக்கும் அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், தனியாக எதிலும் தவறு தெரிவதில்லை.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, பஸ்ஸில் அவர் பக்கத்தில் இடம் கிடைத்தபோது, "அண்ணே, உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "உடம்புக்கென்ன. காலையில மட்டும் மொகம் கொஞ்சம் ஊதுது. ஸ்டீம்ல நின்னு நின்னு அப்படித்தான்." சப்பாத்தைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தார். காலுறை இழுத்துப் பிடித்த இடத்தில், கணுக்காலைச் சுற்றி, விரல் வைத்தால் புதைகிற மாதிரி ஒரு பள்ளம். அதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதை வேறு எப்படியும் மாற்றிச் சொல்ல என்னால் முடியாது. "கிளினிக்குக்கு ஒரு தடவ போய்ப் பாருங்களேன்," என்றேன். "போகணும். அங்க போனா ஒரு நாள் முழுக்கப் போயிருமே, அடுத்த மாசம் பாப்போம்," என்றார். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. "தண்ணி நல்லாக் குடிங்க அண்ணே" என்று ஏதோ சொல்லி முடித்தேன். அப்படி வீங்கிய உடம்புக்கு அது எவ்வளவு தப்பான புத்தி என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்த சுற்றிலும் அதற்கடுத்த சுற்றிலும் பதினேழாம் இலக்கத்தின் வலதுபக்கப் போத்தல் ஒரே மாதிரி இருந்தது. இடதுபக்கப் போத்தல் ஒவ்வொரு தடவையும் பூச்சியம். முப்பது பேரில் இரண்டு பக்கத்துக்கும் இவ்வளவு வித்தியாசம் யாருக்கும் இல்லை. அக்கா இரண்டையும் இரண்டு கையில் பிடித்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எது எந்தத் துணி என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது. "இந்தப் பக்கத்த மட்டும் மோந்து பாத்தா, இப்படி ஒரு சீக்கு இருக்கிறதே தெரியாது, என்ன தங்கச்சி?" என்றார். நான் பேனாவை மூடித் திறந்தேன். போகும்போது வாசலில் நின்று, "பேர மட்டும் சொல்லு. நான் உன் பேர இழுக்கமாட்டேன்," என்றார். பட்டியல் சேரிடம் பூட்டியிருக்கிறது என்று சொன்னேன். அது என் மேசை லாச்சியில், கத்தரிக்கோலுக்கு அடியில் இருந்தது.

பிறகு அக்கா தானே தேடத் தொடங்கினார்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. சாப்பாட்டு வரிசையில் தன் இடத்தை விட்டுவிட்டு ஆண்கள் வரிசைக்குப் பக்கத்தில் நிற்பார். படியில் இறங்குகிறவர்களுக்குப் பின்னால் ஒரு படி விட்டு இறங்குவார். வெட்டும் பிரிவுக்கு ஊசி கேட்டுப் போவார், கொதிகலன் அறைக்குச் சுடுதண்ணீர் கேட்டுப் போவார். ஒவ்வொருவர் தோளுக்கருகிலும் ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டு நகர்ந்துபோவார். ஒரு வாரத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. புருஷன் செத்ததிலிருந்து புத்தி பிசகிவிட்டது என்றார்கள் சிலர். சில இளைஞர்கள் அவரைக் கண்டால் அக்குளைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள். மெஷின் வரிசைப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, "அந்தக்கா ஆம்பளைங்க பின்னால போய் நிக்கிறதப் பாத்தா மேலெல்லாம் என்னமோ பண்ணுது மிஸ், சாவு வந்து மோந்து பாக்குற மாதிரி இருக்கு" என்றாள். மேற்பார்வையாளர் கூப்பிட்டு எச்சரித்தார். அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு வந்து, அன்று மாலையே வாயிலில் நின்று வெளியே போகிறவர்களை மோந்து பார்த்தார். இத்தனைக்கும் அவர் தேடியது தன் சொந்தக்காரனை அல்ல, முகம் தெரியாத ஒரு ஆளை.

வாங்குகிறவர்கள் வருவதற்கு முந்தின வாரம் சோதனையின் கடைசிக் கட்டம். முப்பது பேருக்கும் இப்போது இரண்டு பக்கமும் திரவம் ஏற்றிய பெனியன். வீட்டுக்கும் போட்டுக்கொண்டு போகலாம், படுக்கும்போதும் கழற்ற வேண்டாம். அதோடு, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகத் தொழிற்சாலை முழுவதற்கும் அதே துணியில் சாம்பல் நிறச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்த நாட்களின் சாப்பாட்டு மண்டபத்தை என்னால் மறக்க முடியாது. வழக்கமாக உள்ளே நுழைந்தவுடன் முகத்தில் வந்து மோதும் ஒரு வெக்கை இருக்கும்: வேர்வை, தலைமயிர், நீராவி, மத்தியான மனுஷர்களின் வாசம். அது நின்றுபோயிருந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் தோளோடு தோள் இடித்துச் சாப்பிடுகிறார்கள், வருவது பருப்பு வாசம் மட்டும். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் முதல் நாள் பெருமையாக இருந்தது. இரண்டாம் நாள், கண்ணை மூடிக்கொண்டு அங்கே நின்றால் யாருமில்லாத மண்டபத்தில் தட்டுகள் மட்டும் சத்தம் போடுவதுபோல இருந்தது.

அந்த மண்டபத்தில்தான் அது நடந்தது. நான் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். வரிசையில் அயன் அண்ணன். அவருக்குச் சரியாகப் பின்னால் அக்கா வந்து நின்றார். ஒரு கையளவு தூரம் இருக்காது. அக்கா கண்ணை மூடுவதைப் பார்த்தேன். நெஞ்சு எழும்பி, மெதுவாக மூச்சை இழுப்பதைப் பார்த்தேன். அண்ணனின் கழுத்துப் பின்புறம் வெளிறி, வீங்கி, விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. எனக்குள் ஏதோ ஒன்று, இப்போது கண்டுபிடித்துவிடட்டும், என் கையிலிருந்து இது போய்விடட்டும் என்று கெஞ்சியது. அக்கா இன்னொரு தடவை மூச்சை இழுத்தார். நெற்றி சுருங்கியது. பிறகு கண்ணைத் திறந்து, அவரைத் தாண்டி அடுத்த ஆளிடம் போனார். அங்கே ஒன்றும் இருக்கவில்லை. நாங்கள் செய்த துணி அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

நான் வாயைத் திறந்திருக்கலாம். நான்கு எட்டு நடந்தால் போதும். பருப்பு ஆறுகிறது என்று யாரோ என்னை இடித்தார்கள், நான் நகர்ந்தேன்.

வந்தவர்கள் மூன்று பேர். சேர் சோதனை முடிவுகளைத் திரையில் கோட்டுப் படங்களாகப் போட்டுக் காட்டினார். மூன்றாவது படம் பதினேழாம் இலக்கம். இடதுபக்கம் கோடே இல்லை, வலதுபக்கம் உச்சிவரை போகும் கோடு. அவர்களில் ஒரு பெண் அதைப் பார்த்து வியந்து ஏதோ சொன்னார். இதைத் தங்கள் விளம்பரப் புத்தகத்தில் போட அனுமதி கேட்டார்கள். பிறகு பிரிவு பிரிவாகச் சுற்றிக் காட்டினோம். இஸ்திரிப் பிரிவில், எத்தனையோ பேர் நிற்க, உயரமான ஒருவர் அயன் அண்ணனின் முன்னால் நின்றுவிட்டார். வேர்வை முகத்தில் வழிந்துகொண்டிருந்ததால் இருக்கலாம். அனுமதி கேட்பதுபோலக் கையைக் காட்டிவிட்டு, குனிந்து, அண்ணனின் தோளில் மூக்கை வைத்து மோந்தார். நிமிர்ந்து இரண்டு கைகளையும் விரித்துச் சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணனும் வெட்கப்பட்டுச் சிரித்தார். சிரிக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. நீராவிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் அவர் இல்லை. சந்தியில் மனைவியும் இல்லை. விடியற்காலை மூச்சுவிட முடியாமல் எழுந்து உட்கார்ந்தவரைத் தோட்டத்து லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகப் பத்து மணிக்குத் தகவல் வந்தது. இரண்டு சிறுநீரகமும் அநேகமாகப் போய்விட்டது, நெஞ்சில் நீர் கட்டியிருக்கிறது என்றார்கள். சேர் தகவலைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எந்த இலக்கம் என்று அவர் கேட்கவில்லை.

தொழிற்சாலையிலிருந்து ஒரு வேனில் பார்க்கப் போனோம். அக்காவும் வந்தார், யாருக்கு உடம்பு சரியில்லாவிட்டாலும் வருகிறவர் அவர். ஆஸ்பத்திரி வார்டில் மருந்து வாசமும் பினைல் வாசமும் நிறைந்திருந்தது. வாசலைத் தாண்டியவுடன் அக்கா நின்றுவிட்டார். தூரத்தில் கட்டிலில் அண்ணன் வெறும் மேலோடு, ஒரு பழைய சாரத்தைப் போர்த்திக்கொண்டு சாய்ந்திருந்தார். அந்தப் பெனியன் அவர் உடம்பில் இல்லை. அக்கா கட்டிலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்.

"இவருதானே?"

"ஆமாக்கா."

"ஒனக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. ஏற்கெனவே ஒன்று சொல்லியிருந்தேன். ஆனால் அந்த இடத்தில் வரவில்லை. "மொதல் நாளே தெரியும்," என்றேன்.

அவர் கட்டிலருகே போனார். அண்ணனின் மனைவி எழுந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்காமலே சொல்லத் தொடங்கினார். "ரெண்டு மாசமா இவரு சட்டையில ஒரு வீச்சம் அடிச்சுதுங்கக்கா. ஆஸ்பத்திரிக்குப் போங்க போங்கன்னு தெனம் சண்ட. போறேன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. அப்புறம் கார்மெண்டுல அந்தப் பெனியனக் குடுத்தாங்க, ராவும் பகலும் அதத்தான் போட்டிருந்தாரு. வீச்சம் நின்னுருச்சு. சரியாப் போச்சுன்னு நெனச்சு நானும் சண்டய விட்டுட்டேன். நல்லாயிருச்சுன்னுதான் நெனச்சோம்ங்க." அக்கா அந்தக் கையைத் தடவிக்கொடுத்தபடி நின்றார். சாரத்தின் நுனியை இழுத்து அண்ணனின் காலை மூடினார். திரும்பும்போது வேனில் ஏறவில்லை. மழையில் பஸ் நிலையத்துப் பக்கம் நடந்து போவதை வேன் கண்ணாடி வழியே பார்த்தேன்.

டாக்டரிடம் பின்னொரு நாள் நானே தனியாகப் போய்க் கேட்டேன். இது வருடக் கணக்கில் உள்ளே நடந்திருக்கும், ஒரு மாதம் முந்தி வந்திருந்தாலும் சிறுநீரகம் திரும்பியிருக்காது என்றார். அந்த வாக்கியத்தை நான் ரொம்ப நாள் மனதில் வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. முந்தி வந்திருந்தால் இப்படி நெஞ்சில் நீர் ஏறி இதயம் அடிபட்டிருக்காது, ஆயத்தம் செய்ய நேரம் கிடைத்திருக்கும், இன்னும் சில வருடங்கள் இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். வாரத்துக்கு இரண்டு தடவை டயலிசிஸுக்காக அண்ணன் ஹல்துமுல்லையிலிருந்து பதுளைக்கு வந்துபோனார். ஐந்து மாதம். கடைசி வாரங்களில் அவரைச் சந்தியில் பஸ்ஸில் ஏற்றிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். நான் அப்போது வேறு பஸ்ஸில் போகத் தொடங்கியிருந்தேன். மழைக்காலம் முடியும்போது அவர் இறந்துபோனார். பெட்டியில் அவருக்கு வெள்ளைப் பருத்திச் சட்டை போட்டிருந்தார்கள். சேர் மாலையோடு வந்து, கடைசிவரை நின்றார். முப்பது பேருக்கு என்று சொன்ன மெடிக்கலை, மிஞ்சிய இருபத்தொன்பது பேருக்கும் செய்வித்தார்.

அக்கா மூக்குச் சோதனைக்குத் திரும்பி வரவில்லை. கொஞ்ச நாள் மெஷினில் இருந்தார், பிறகு நின்றுவிட்டார். யாரிடமும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது, யாரும் என்னை ஒன்றும் கேட்காததிலிருந்து தெரிந்தது. எனக்குப் பதவி உயர்வு வந்தது. பண்டாரவளையில் அறை எடுத்துக்கொண்டேன். இப்போது அந்தப் பரிசோதனைக்கூடத்துக்கே நான்தான் பொறுப்பு. அந்தப் படம், இடதுபக்கம் கோடில்லாமலும் வலதுபக்கம் உச்சிவரை கோடுமாக, வாங்குகிறவர்களின் விளம்பரப் புத்தகத்தில் இன்னமும் வருகிறது.

போன வருடக் கடைசியில் எல்லவில் இருக்கும் ஒரு தங்குவிடுதிக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது நாங்கள் அதே முறையில் படுக்கை விரிப்பும் செய்கிறோம். அடிக்கடி துவைக்க வேண்டாம், தண்ணீரும் மின்சாரமும் மிச்சம் என்று விடுதிக்காரர்களுக்கு விளக்குவதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது. முதலாளி என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய், துவைக்கிறவரிடம் காட்டுங்கள் என்றார். கொடியில் வெள்ளை விரிப்புகள் வரிசையாகத் தொங்கின. அவற்றுக்கு நடுவிலிருந்து அக்கா வந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்த ஒரு அசைவும் முகத்தில் இல்லாமல், என் கையிலிருந்த மாதிரி விரிப்பை வாங்கி, மூக்கருகே கொண்டுபோய், மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுலயுமா?" என்றார்.

முதலாளி போனபின் நான் மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு. சில மாதங்களாகக் காலையில் எழும்போது மோதிரம் விரலில் இறுகுகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது. யாரிடமும் சொல்லவில்லை. "அக்கா, என்கிட்ட ஏதாச்சும் வாசம் வருதா பாருங்க," என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என் அருகில் வந்தார். தோளுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து கண்ணை மூடினார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை மூச்சை இழுத்தார். பிறகு விலகி, நான் போட்டிருந்த சாம்பல் நிறச் சட்டையின் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"ஒன்னும் வரல," என்றார். எனக்கு உயிர் வந்ததுபோல இருந்ததை அவர் கண்டிருக்க வேண்டும். "ஒன்னும் வரலன்னா நீ நல்லா இருக்கேன்னு அர்த்தம் இல்ல தங்கச்சி. கண்ண மூடுனா நீ இங்க நிக்கிறதே எனக்குத் தெரியல. ஆளே இல்லாத மாதிரி இருக்கு." கொடியில் ஒரு விரிப்பைச் சரிசெய்தார். "ஆஸ்பத்திரிக்குப் போ. அதுக்குப் பயமா இருந்தா, ஒரு நாள் வெறும் பருத்திச் சட்ட போட்டு, நல்லா வேர்த்துட்டு எங்கிட்ட வா. இருக்கிறத இருக்கிறபடி சொல்லிருவேன்."

வருகிறேன் என்றேன். பண்டாரவளையிலிருந்து எல்லவுக்கு அரை மணி நேரப் பயணம். என் அலுமாரியில் பருத்திச் சட்டைகள் இரண்டு இருக்கின்றன. இதை எழுதுகிற இன்றுவரை நான் போகவில்லை.